நடை எங்கே முடிய வேண்டும்?

 

ஒரு நாள் காலையில் இரண்டு பெண்கள் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வருகிற ஞாயிற்றுக்கிழமை மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு நடைப்பயணம் நடத்துகிறோம். தாங்களும் தங்கள் மகளும் வரவேண்டும். இயன்ற தொகையும் தந்து உதவ வேண்டும்" என்று கேட்கிறார்கள். என்ன மறுமொழி சொல்வீர்கள்?

பணம் கேட்டதற்காக நீங்கள் முகம் சுளிக்க மாட்டீர்கள் என்பதை அறிவேன். ஸதகா கொடுத்துப் பழகிய கைகள் நம்முடையவை. தயக்கம் வேறோர் இடத்தில் எழுகிறது. அந்த நோயின் பெயரை வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டார்களே என்று மனம் கூசுகிறது. கூடத்தில் மாமனார் இருக்கிறார். திண்ணையில் பையன் படித்துக்கொண்டிருக்கிறான். "பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், நடக்க மட்டும் கூப்பிடாதீர்கள்" என்று மெல்லச் சொல்லிக் கதவைச் சாத்தத் தோன்றுகிறது. அல்லவா?

அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். ஏனெனில், பலரைக் கொல்வது நோய் மட்டுமன்று. நோயைக் கண்ட பிறகும் சொல்லாமல் கழித்த மாதங்களும்தாம்.

நடையின் பிறப்பு

இத்தகைய நடைகள் எங்கிருந்து வந்தன? அமெரிக்க நாட்டில் சூசன் கோமன் என்ற பெண்மணி 1980ஆம் ஆண்டு மார்பகப் புற்றுநோயால் தமது 36ஆம் வயதில் காலமானார். அவருடைய தங்கை நான்சி பிரிங்கர், தம் அக்காவுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற 1982இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். மறு ஆண்டு டல்லஸ் நகரில் அவர் நடத்திய முதல் ஓட்டத்தில் 800 பேர் கலந்துகொண்டனர். 1991இல் நியூயார்க் நகரில் ஓடியவர்களுக்கு இளஞ்சிவப்பு நாடா வழங்கப்பட்டது. இன்று அக்டோபர் மாதம் வந்தால் உலகெங்கும் நாம் காணும் அந்த நாடாவின் வரலாறு இதுதான்.

"இது அந்நிய நாட்டுப் பழக்கம், நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு நம் சென்னையின் வரலாற்றையே நினைவூட்டலாம். அந்த அமெரிக்கப் பெண்மணிக்குப் பல்லாண்டுகள் முன்னரே, இங்கே ஒரு சகோதரி தம் உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கை இறந்த ஆண்டு 1923. அந்தத் துயரத்தை அவர் அழுது தீர்த்துவிடவில்லை. முப்பது ஆண்டுகள் மனத்தில் சுமந்தார். இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தார்கள். தென்னாட்டு ஏழைகள் எத்தனையோ பேர் சாதி மதம் பாராமல் அங்கே வைத்தியம் பெற்றிருக்கிறார்கள். ஒரு தங்கையின் மரணம் ஒரு மருத்துவமனையானது. பொதுமக்கள் கொடுத்த பணமே அதற்கு அடித்தளம்.

நடந்தே பணம் திரட்டி மருத்துவமனைக்கு வழி செய்ததற்கும் தமிழரிடையே சான்று உண்டு. இலங்கையில் போர் ஓய்ந்த பின், 2011 ஜூலையில், நாதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் ஒரு நெடும்பயணத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். தென்கோடியில் உள்ள தேவேந்திரமுனையிலிருந்து வடகோடியில் உள்ள பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீட்டரை 27 நாட்களில் நடந்து கடந்தார்கள். வழிநெடுக ஊர் மக்கள் சேர்ந்து நடந்தார்கள். அப்போது வடபகுதிப் புற்றுநோயாளர் பலர் சிகிச்சைக்காகக் கொழும்பை அடுத்த மஹரகம வரை செல்ல வேண்டியிருந்தது. நடையில் சேர்ந்த நிதி யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. 2016இல் மீண்டும் நடந்தார்கள்; இம்முறை வடக்கிலிருந்து தெற்கே, காலி நகரத்துக் கராப்பிட்டிய மருத்துவமனைக்காக. முதலில் தெற்கத்தியர் வடக்கின் நோயாளருக்காக நடந்தார்கள். பிறகு வடக்கிலிருந்து தெற்கின் நோயாளருக்காக நடந்தார்கள். நோய்க்கு மொழியும் மதமும் இல்லை என்று மேடையில் ஆயிரம் முறை சொல்வதைவிட இந்த இரண்டு நடைகள் நன்றாகவே சொல்லிவிட்டன.

பெண்கள் தெருவில் நடப்பதா?

"ஆண்கள் நடந்தார்கள், சரி. நம் பெண்கள் தெருவில் இறங்கி நடப்பதா?" என்ற கேள்வி சில இல்லங்களில் எழும். இதற்கு நான் நீண்ட வாதம் செய்யப் போவதில்லை. பச்சிளங் குழந்தையின் தாகம் தீர்க்கத் தண்ணீர் தேடி, துணை எவருமற்ற பாலைவெளியில் ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் ஏழு முறை சென்று வந்ததை நாம் அறிவோம். ஓர் உயிரைக் காக்கத் தவித்த ஒரு தாயின் நடை அது. அரசனும் ஆண்டியும் ஹஜ்ஜுக்குச் சென்றால் அந்தத் தாய் சென்ற வழியிலேயே தொங்கோட்டம் ஓடுகிறார்கள். உயிர் காக்கும் பொருட்டு ஒரு பெண் நடப்பது இழிவென்று கருதும் எவரும் அதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

உடையைப் பற்றிய கவலையும் வேண்டியதில்லை. 2012இல் மும்பையில் மிலிந்த் சோமன் முதலியோர் தொடங்கிய 'பிங்கத்தான்' என்னும் பெண்கள் ஓட்டத்தில் புடவை கட்டிக்கொண்டே ஓடிய இல்லத்தரசிகள் உண்டு. நம் பெண்கள் தம் பர்தாவோடு, தம் வேகத்தில், தம் உடன்பிறந்தாரோடு நடக்கலாம். பந்தயம் அன்று அது; முதலிடம் இரண்டாமிடம் எதுவும் இல்லை.

நடப்பதே ஒரு மருந்து என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உடல் உழைப்பும் நடையும் உள்ள பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஓரளவு குறைகிறது. வாரத்திற்கு 150 நிமிடமாவது உடலுக்கு அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளொன்றுக்கு அரை மணி நேரமாக வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் அக்கணக்கு நிறைவேறிவிடும். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்காக அமர்ந்திருப்போருக்கும், ஜரிகைக்கும் பட்டுக்கும் தார் சுற்றியபடி திண்ணையிலேயே பொழுதைக் கழிப்போருக்கும் இது கூடுதலாகவே தேவை.

நாடாவோடு நின்றுவிடும் நடை

ஆனால் சகோதரிகளே, நடைகளில் ஒரு குறை இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நகரங்களில் அதிகாலையில் கூடுகிறார்கள், ஒரே நிறச் சட்டை அணிகிறார்கள், பிரமுகர் கொடியசைக்கிறார், படம் எடுக்கிறார்கள், சிற்றுண்டி தருகிறார்கள், ஒன்பது மணிக்கு அவரவர் வீடு திரும்புகிறார்கள். நடந்தவர்களில் எத்தனை பேர் அதன்பின் தம் உடலைப் பரிசோதித்துக்கொள்கிறார்கள்? தம் வீட்டில் சமையல் செய்யும் அம்மாளிடம், "உனக்கு ஏதேனும் கட்டி உண்டா?" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? நாடாவைக் குத்திக்கொண்டதோடு கடமை முடிந்தது என்று எண்ணினால் அந்த நடை பாதி வழியிலேயே நின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

நடை எங்கே முடிய வேண்டும்? மருத்துவச் சோதனை அறையில் முடிய வேண்டும். என் கருத்து இவ்வளவே.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கணக்கு அப்படி இருக்கிறது. 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் அந்த ஓராண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 98,000 பேர் அதனால் இறந்தனர். உலகம் முழுவதையும் சேர்த்தால் 23 இலட்சம் பேருக்கு நோய், 6,70,000 மரணம். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உலகக் கணக்கில் புதிய நோயாளர் பத்துப் பேருக்கு மூன்று மரணம். நம் நாட்டிலோ பத்துக்கு ஐந்து. நம் பெண்களுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது என்பதன்று இதன் பொருள். நம் பெண்களில் பலர் மிகவும் தாமதித்து மருத்துவரிடம் வருகிறார்கள். வந்தவர்களிலும் பலரால் சிகிச்சையை முழுமையாகப் பெற முடிவதில்லை என்பதே பொருள்.

ஏன் தாமதிக்கிறோம்?

முதற்காரணம், வலி இல்லாமை. தொடக்கத்தில் இக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததை நாம் நோயென்று கருதுவதில்லை. "தாய்ப்பால் கட்டியது, தானே கரைந்துவிடும்" என்று எண்ணெய் தடவிக்கொண்டிருப்போம். வலியும் புண்ணும் வந்த பிறகு ஓடுவோம்.

இரண்டாவது, கூச்சம். கணவரிடம்கூடச் சொல்லாத பெண்கள் இருக்கிறார்கள். ஆண் மருத்துவர் பார்ப்பாரோ என்ற அச்சம் வேறு. பெண் மருத்துவரோ செவிலியரோதான் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் பெறலாம். கேட்பதில் தவறே இல்லை. உயிருக்கு ஆபத்தான நிலையில் பெண் மருத்துவர் கிடைக்கவில்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட நம் மார்க்க அறிஞர்கள் எவரும் சொல்வதில்லை.

மூன்றாவது, ஊர் வாய். "உம்மாவுக்கு அந்த நோய் என்று தெரிந்தால் மகளைப் பெண் கேட்டு யார் வருவார்கள்?" என்று அஞ்சி மறைக்கிற தாய்மார் உண்டு. தம் உயிரைக் கொடுத்து மகளின் நிக்காஹைக் காக்க நினைக்கும் அந்தத் தாயை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. உண்மையில் இந்நோய் தொற்றிக்கொள்வதன்று. நோய் வந்த பெண்களில் மிகச் சிலருக்கே அது மரபு வழியாக வருகிறது. பெண்ணாய்ப் பிறந்ததையும் வயது ஏறுவதையும் தவிர வேறு குறிப்பிட்ட காரணம் எதுவும் பாதிப் பேரிடம் காணப்படுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதில் பெண்ணின் குற்றமும் இல்லை. குடும்பத்தின் குறையும் இல்லை. சம்பந்தம் பேச வருவோரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

நான்காவது, பணம். இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஐந்தாவது, தவறான நம்பிக்கைகள். "ஊசி போட்டுச் சதையை எடுத்துச் சோதித்தால் நோய் உடலெங்கும் பரவிவிடும்" என்பார்கள். அது உண்மையன்று. அந்தச் சோதனை இல்லாமல் நோயை உறுதிசெய்யவே இயலாது. "மார்பை முழுவதும் எடுத்துவிடுவார்கள்" என்பார்கள். சிறிய கட்டியாக இருக்கும்போதே வந்தால், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்துக் காப்பாற்றும் முறை பலருக்கும் பொருந்துகிறது. முந்தி வருவோருக்கே அந்த வாய்ப்பு.

விரல் நுனியில் உள்ள சோதனை

காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த நெசவு ஊர்களில் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடும். அவற்றில் ஒன்று அறுந்துவிட்டால் நெய்பவரின் விரல் உடனே அதைத் தேடிச் செல்லும். நாடாவை நிறுத்திவிட்டு, அறுந்த முனைகளைப் பிணைத்த பிறகே அடுத்த ஊடையை ஓட்டுவார். "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் சேலையில் வழு விழுந்துவிடும். கூலியில் பிடித்தம் ஏற்படும். ஒரு சேலைக்கு இவ்வளவு கவனம் செலுத்தும் வீட்டில், அந்தச் சேலைக்குத் தார் சுற்றிக் கொடுக்கும் பெண்ணின் உடலில் தோன்றிய ஒரு முடிச்சு மாதக்கணக்கில் பேசப்படாமல் கிடக்கலாமா?

விரலுக்கு என்ன ஆற்றல் என்று ஐயுறுவோருக்காக மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வைச் சொல்கிறேன். 1998இல் தொடங்கி இருபதாண்டுகள் நடந்த ஆய்வு அது. குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த, 35 முதல் 64 வயதுக்குட்பட்ட 1,51,538 பெண்கள் அதில் இடம்பெற்றனர். அவர்களுள் ஒரு பிரிவினருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையாலேயே மார்பகத்தைச் சோதித்தார்கள். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லை. 2021இல் முடிவு வெளியாயிற்று. அப்படிச் சோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முற்றுமுன்னரே பிடிபட்டது. 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் இந்நோயால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே மரணக் கணக்கில் அத்தகைய பயன் காணப்படவில்லை. ஆயினும் நம் பாட்டிமாரையும் உம்மாமாரையும் எண்ணிப் பார்த்தால் இது சிறிய செய்தியா?

எனவே 30 வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று இச்சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். அரசின் திட்டத்திலேயே இது இருக்கிறது. செலவில்லை. 

இதனோடு, மாதத்தில் ஒருநாள், மாதவிடாய் முடிந்த சில நாட்களுக்குப் பின், குளிக்கும்போது தம் உடலைத் தாமே கவனிக்கும் பழக்கமும் நல்லது. எதைக் கவனிப்பது? மார்பிலோ அக்குளிலோ புதிதாக ஒரு கட்டி; ஒருபுறம் மட்டும் வடிவம் மாறுதல்; ஆரஞ்சுப் பழத்தோல் போலத் தோல் குழிந்து தடித்தல்; காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்ளுதல்; காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிதல்; ஆறாத புண் அல்லது செதிள். இவற்றில் ஒன்று கண்டாலும், அது ஓரிரு வாரத்தில் மறையாவிட்டால், மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். அஞ்ச வேண்டாம், பத்துக் கட்டிகளில் எட்டு ஒன்பது புற்றாக இருப்பதில்லை. அதைச் சொல்லவேண்டியவர் மருத்துவரே தவிரப் பக்கத்து வீட்டு மாமி அல்லர். நமக்கு நாமே பார்த்துக்கொள்கிறோமே, அது போதும் என்று இருந்துவிடவும் கூடாது. பயிற்சி பெற்றவரின் கை அறிவதை நம் கை அறியாமல் போகலாம்.

ஆண்களே, நீங்களும் கேளுங்கள். நூறு நோயாளருள் ஒருவர் என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோ ஆண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு.

தாமலில் ஒரு நடை

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது தாமல். பழங்காலத்தில் தொண்டை மண்டலத்தின் கோட்டங்களுள் ஒன்றுக்கே பெயர் தந்த ஊர். வராகீஸ்வரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் உள்ளன. சாலையில் போவோர் கண்ணில் படும்படி விரிந்து கிடக்கிறது பெரிய ஏரி. அதே நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால் காஞ்சியை அடுத்த காரப்பேட்டையில் இருக்கிறது அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. காஞ்சி மண்ணில் பிறந்து, முதலமைச்சராக இருக்கும்போதே 1969 பிப்ரவரி 3இல் புற்றுநோயால் மறைந்தவரின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

தாமல் போன்ற ஓர் ஊரில் ஒரு நடை நடத்துவதென்றால் எப்படி நடத்தலாம்? நகரத்து நடையை அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை. சட்டை வேண்டாம், மேடை வேண்டாம், கொடியசைக்கப் பிரமுகரும் வேண்டாம். வெயில் ஏறுமுன் தெருப் பெண்கள் கூடட்டும். பள்ளிவாசல் தெருவில் இருந்து வருபவரும், கோயில் வீதியில் இருந்து வருபவரும், காலனியில் இருந்து வருபவரும் ஒன்றாக நடக்கட்டும். முதியவர்களாலும் இயலக்கூடிய தொலைவாக, ஏரிப் பக்கம் சென்று, ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் வந்து முடியட்டும். அங்கே முன்கூட்டியே சொல்லி வைத்து ஒரு பெண் மருத்துவரும் செவிலியரும் காத்திருக்க வேண்டும். நடந்து வந்த ஒவ்வொருவரும் உள்ளே சென்று சோதித்துக்கொண்ட பிறகே வீடு திரும்ப வேண்டும். கூச்சத்தால் தனியே போக மாட்டாதவள் கூட்டத்தோடு போவாள். "எல்லாரும் போனார்கள், நானும் போனேன்" என்று வீட்டில் சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு சாக்கும் கிடைக்கும். அந்தச் சாக்கைக் கொடுப்பதுதான் இந்த நடையின் தலையாய நன்மை என்பேன்.

திரட்டும் பணத்தை என்ன செய்வது? இங்கேதான் முன்பு சொன்ன நான்காவது காரணம் வருகிறது. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் கைகொடுக்கிறது. ஆனால் சிகிச்சை என்பது ஒருநாள் வேலையன்று. அறுவை முடிந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை மருந்தேற்றிக்கொண்டு, பிறகு கதிர்வீச்சுக்கென்று வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரம் போய்வர வேண்டியிருக்கும். பேருந்துக் கட்டணம் யார் தருவது? துணைக்குச் செல்லும் கணவர் தறியை நிறுத்த வேண்டும். ஒரு பட்டுச்சேலை நெய்து முடிக்கப் பல நாளாகும், நெய்தால்தான் கூலி. தறி நின்றால் அடுப்பு நிற்கும். குழந்தைகளை யார் பார்ப்பது? இப்படிச் சின்னச் சின்னச் செலவுகளுக்கு அஞ்சியே பல பெண்கள் நடுவழியில் சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். 

ஆதலால், நடையில் சேரும் பணத்தை ஒரு சிறு நிதியாக வைத்து, சிகிச்சைக்குச் செல்லும் பெண்ணுக்குப் போக்குவரத்துச் செலவு, துணை செல்பவருக்கு அந்த நாள் கூலி, வீட்டுக்கு ஒருவேளை உணவு என்று கொடுக்கலாம். பெரிய மருத்துவமனை கட்ட நம்மால் இயலாது. கட்டியிருக்கும் மருத்துவமனைக்கு ஒரு பெண்ணைக் கடைசி நாள் வரை அழைத்துச் செல்ல நம்மால் இயலும். ஸதகாவுக்கு இதைவிட நல்ல வழி வேறெது? வறிய நோயாளிக்கு ஜகாத்தும் உரியதாகலாம். அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் நாடுகளுக்கு மூன்று இலக்குகளை வகுத்தது. நோயாளரில் 60 விழுக்காட்டினருக்கு மேல் ஆரம்ப நிலையிலேயே கண்டறியப்பட வேண்டும். மருத்துவரிடம் வந்த 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று உறுதிசெய்யப்பட வேண்டும். 80 விழுக்காட்டினர் சிகிச்சையை இடையில் விடாமல் முடிக்க வேண்டும். முதல் இலக்கு பெண்ணின் கையிலும் அவள் குடும்பத்தின் கையிலும் இருக்கிறது. இரண்டாவது மருத்துவமனையின் பொறுப்பு. மூன்றாவதை அடைய ஊர் முழுவதும் உதவ வேண்டும். 

இல்லத்து ஆண்களுக்கு ஒரு சொல்

கணவன்மாரே, உங்கள் மனைவி இதைப்பற்றி வாய் திறந்தால், "ஒன்றும் இராது, பேசாமல் இரு" என்று அடக்கிவிடாதீர்கள். "நாளைக் காலை போவோம்" என்று சொல்லுங்கள். அந்த மூன்று சொற்கள் ஓர் உயிரின் விலை பெறும். மகன்மாரே, வெளிநாட்டிலிருந்து உம்மாவோடு பேசும்போது சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். மார்பகச் சோதனை செய்துகொண்டாரா என்று உங்கள் மனைவியின் வாயிலாகவோ சகோதரியின் வாயிலாகவோ கேட்டறியுங்கள். நாணத்தால் கேட்காமல் விட்ட கேள்விக்காகப் பிறகு வருந்திப் பயனில்லை.

சிகிச்சை முடித்து நலம் பெற்ற பெண்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அதை வெளியே சொல்வதில்லை. ஆகவே இந்நோயால் இறந்தவர்களை மட்டுமே ஊர் அறிகிறது, பிழைத்தவர்களை அறிவதில்லை. அதனால் அச்சம் வளர்கிறது. நலம் பெற்ற சகோதரிகளே, நீங்கள் மேடையேற வேண்டாம். அஞ்சி நிற்கும் ஒருத்தியின் காதில் மட்டும், "எனக்கும் வந்தது, இதோ உன் முன் நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். எந்த மருத்துவரின் சொல்லைவிடவும் அவள் அதை நம்புவாள்.

அன்புச் சகோதரிகளே, உங்கள் ஊரில் நடை நடத்துவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். இந்த இதழைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரே ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மாமியாராகவோ, நாத்தனாராகவோ, வீட்டு வேலைக்கு வரும் அம்மாளாகவோ அவர் இருக்கலாம். இந்த வாரத்திலேயே ஒருநாள், "வாருங்கள், இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்துக்கொண்டு வருவோம்" என்று அவரை அழைத்துச் சுகாதார நிலையத்துக்கு நடந்து செல்லுங்கள். இருவர் நடந்தாலும் அது நடைதான்.

நோயின்றி வாழவும், நோய் வந்தால் காலத்தே மருந்து தேடவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக. வஸ்ஸலாம்.